பிள்ளைகளின் உயரத்தைத் துணியில் குறித்து வைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிறந்தநாளன்று பிள்ளையைக் கதவுநிலையோடு நிறுத்தி, தலைமட்டத்தில் பென்சிலால் கோடிழுத்துத் திகதி எழுதும் வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. புதுக்குடியிருப்பில் இருந்த அந்தக் கதவுநிலையில் என் மகனுக்குப் பதின்மூன்று கோடுகளும் மகளுக்குப் பதினொரு கோடுகளும் இருந்தன. 2009 இல் வெளியேறியபோது உரப்பையில் எதையெதையோ திணித்துக்கொண்டு போனோம். கதவுநிலையைக் கழற்ற யாருக்கு நேரம் இருந்தது? திரும்பி வந்தபோது அத்திவாரம்தான் மிஞ்சியிருந்தது. அண்மையில் மகள் இடமாற்றம் பெற்று வாடகை வீட்டை விட்டு வந்த மறுவாரமே, பேரனுக்காகச் சுவரில் இட்டிருந்த கோடுகளின் மேல் வீட்டுக்காரர் பெயின்ற் பூசிவிட்டார். அவரில் குற்றமில்லை, சுவர் அவருடையது. ஆனால் அன்றே நான் துணி வெட்ட உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்றேகால் மீற்றர் காடாத் துணி போதும். புதுத் துணி சுருங்கும் என்பதால் முதலில் இரண்டு முறை நனைத்துக் காயவைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். நீளவாட்டில் 25 சென்ரிமீற்றர் அகலமாக வெட்ட வேண்டும்; மூலைவாட்டில் வெட்டிய துணி இழுபட்டுப் பிள்ளையைக் குட்டையாகக் காட்டும். தையற்காரரின் பழைய அளவுநாடாவும் நாட்பட இழுபடுவதால், தச்சரின் இரும்பு நாடாவைக் கொண்டே 60 இலிருந்து 170 வரை அளவிட்டேன். மை சலவையில் மங்கும் என்பதால் பத்தாம் கோடுகளை நூலால் தைத்தேன். கீழ் மடிப்புக்குள் மெல்லிய கம்பி ஒன்றைச் செருகினால் துணி தொய்யாமல் தொங்கும்.

பெரும்பாலானோர் தவறுவது மாட்டும் உயரத்தில்தான். அயல்வீட்டில் ஒட்டகச்சிவிங்கிப் படம் போட்ட ஒட்டுத்தாளை நிலத்திலிருந்து ஏறத்தாழ நான்கு விரல் தள்ளி ஒட்டியிருந்ததால், அந்தப் பிள்ளை ஒரே மாதத்தில் ஏழெட்டுச் சென்ரிமீற்றர் குறைந்துபோனாள்! இதைத் தவிர்க்க, சரியாக 60 சென்ரிமீற்றர் நீளத்தில் பனஞ்சலாகை ஒன்றை வெட்டி, அதிலேயே துணியைச் சுருட்டி வைத்திருக்கிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் சலாகையை நிலத்தில் நிமிர்த்தி, அதன் உச்சிக்குத் துணியின் கீழ் விளிம்பு வருமாறு மாட்டினால் அளவு பிசகாது. சாணி மெழுகிய தரை மேடுபள்ளமாக இருந்தால் பலகையொன்றைப் போட்டு, சலாகையையும் பிள்ளையையும் அதன்மேலேயே நிறுத்தலாம். விறாந்தையில் மாட்டக்கூடாது, மழைநீர் ஓட அதற்கு வாட்டம் விட்டிருப்பார்கள்.

அளக்கும்போது செருப்பும் கொண்டையும் கூடாது. குதிக்கால், பிட்டம், தோள், பின்தலை ஆகியன சுவரைத் தொட, பிள்ளை நேரே பார்க்க வேண்டும். தலையில் பென்சிலைச் சாய்த்து வைக்காமல், தடித்த புத்தகம் ஒன்றைச் சுவரோடு செங்குத்தாக அழுத்தி அதன் அடியில் குறிக்க வேண்டும். காலையில் இருக்கும் உயரம் மாலையில் ஒரு சென்ரிமீற்றர் வரை குறையக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறையும் ஒரே வேளையில் அளப்பது நல்லது. திகதியோடு ஊரின் பெயரையும் எழுதிவருகிறேன்; பேரனின் துணியில் இப்போதே மல்லாவி, மாங்குளம் என இரண்டு ஊர்கள் ஏறிவிட்டன.

உலக சுகாதார நிறுவனம் 2006 இல் வெளியிட்ட நியமங்களின்படி ஐந்து வயதில் இடைநிலை உயரம் ஆண்பிள்ளைக்கு 110 சென்ரிமீற்றர், பெண்பிள்ளைக்கு 109.4. இதைப் பார்த்துவிட்டு அயலார் பிள்ளையோடு ஒப்பிட்டு மனம் வருந்தத் தேவையில்லை. தாய் தகப்பன் குட்டையென்றால் பிள்ளையும் அப்படி இருக்கலாம். கோடுகளுக்கு இடையிலான தூரமே கவனிக்க வேண்டியது. பாடசாலை வயதில் ஆண்டுக்கு ஐந்தாறு சென்ரிமீற்றர் கூடுவது வழமை. நான்குக்கும் குறைந்தால் வைத்தியரிடம் காட்டுவதே சரி. கிளினிக்கில் நிறையும் உயரமும் பார்ப்பதற்கு இந்தத் துணி ஈடாகாது.

கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருப்போர் பழைய அளவுகளையும் துணிக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டு வயதுக்கு முன் பிள்ளையைக் கிடத்தி அளந்திருப்பார்கள். அது நின்று அளப்பதைவிட 7 மில்லிமீற்றரளவு கூடுதலாக இருக்கும் என்பதால், அதைக் கழித்தே கோடிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மாங்குளம்.