மேற்கோள் எண்ணிக்கையோடு அந்தப் பொடியையும் காட்டுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஒளிரும் கனிமப் பொருள்களை ஆராயும் வேதியியலாளர் ஒருவரைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். அவருடைய கட்டுரைகள் எத்தனை ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டன, ஆய்வாளரை மேற்கோள்களால் அளக்கும் எச்-குறியீடு எவ்வளவு என்பதெல்லாம் இருந்தது. அவர் செய்த பொருள் எது, அது என்ன நிறத்தில் ஒளிர்ந்தது என்று ஒரு வரிகூட இல்லை. 26 ஆண்டுகள் இதே வேலையாக உலையருகே நின்றவள் என்பதால் மனம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் வேலையில் பாதி அரைப்பது, மீதி சுடுவது. ஸ்ட்ரான்ஷியம் கார்பனேட்டையும் அலுமினாவையும் அகேட் கல்வத்தில் போட்டு, துளியளவு யூரோப்பியம் ஆக்சைடு சேர்த்து, கை கடுக்கும்வரை அரைப்போம். பிறகு மூசையில் இட்டு, சுற்றிலும் கரித்தூள் நிரப்பி மூடி, 1,300 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சுடுவோம். உள்ளே ஆக்சிஜன் தங்கக் கூடாது, அதற்குத்தான் கரி. யூரோப்பியத்தின் மின்சுமை மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் பொடி பச்சையாக ஒளிரும், இறங்காவிட்டால் சிவப்பு. ஒருமுறை நான் மூடியைச் சரியாக வைக்கவில்லை. மறுநாள் இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால், நடுவெல்லாம் பச்சை, ஓரத்தில் மட்டும் சிவப்பாக ஒரு பிறை. ஒரே தனிமம், ஒரே மூசை, ஓர் எலக்ட்ரான்தான் வித்தியாசம். அந்தப் பிறை எந்தக் கட்டுரையிலும் ஏறவில்லை. ஆனால் ஒளிர்வு என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

இதே பொருளில் டிஸ்புரோசியம் என்ற தனிமமும் சேர்த்தால் விளக்கை அணைத்த பிறகும் மணிக்கணக்கில் ஒளிரும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1996இல் எழுதினார்கள். அதற்கு முன் இருந்த துத்தநாக சல்பைடு சீக்கிரமே மங்கிவிடும். இரவு முழுக்க ஒளிர வேண்டுமானால் கதிரியக்கப் பொருளைக் கலக்க வேண்டும். அந்தக் கவலையைத் தீர்த்த கட்டுரை ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெற்றது. பெற வேண்டியதுதான்.

ஆனால் இத்துறையில் எண்ணிக்கை எப்படிப் பெருகுகிறது என்பதும் வாசகருக்குத் தெரிய வேண்டும். ஒளிர்பொருளுக்குத் தாய்ப்படிகம் ஒன்று, அதில் கலக்கும் அயனி ஒன்று. இரண்டையும் மாற்றி மாற்றிச் சேர்த்தால் புதுப் பொருள், புதுக் கட்டுரை. ஒவ்வொன்றின் முன்னுரையிலும் அதே பழைய கட்டுரைகள் வரிசையாக வந்து உட்காரும். நானும் அப்படி அடுக்கியிருக்கிறேன். சிலவற்றில் சுருக்கத்தைத் தாண்டிப் படித்ததில்லை. எச்-குறியீட்டிலும் குறை உண்டு. குறியீடு 40 என்றால், குறைந்தது 40 முறை மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 40 இருக்கின்றன என்று பொருள். அவற்றில் ஒன்று நாலாயிரம் முறை பெற்றிருந்தாலும் கணக்கில் அது ஒன்றுதான்.

1967இல் ஜார்ஜ் பிளாசே, பிரில் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இட்ரியம் அலுமினியம் கார்னெட் என்ற படிகத்தில் சீரியம் கலந்து, மஞ்சளாக ஒளிரும் பொடி ஒன்றை அறிவித்தார்கள். வண்ணத் தொலைக்காட்சிக்கான கதிர்க்குழாயை மனதில் வைத்துச் செய்தது அது. 1996இல் வெள்ளை எல்.இ.டி. சந்தைக்கு வந்தபோது, நீல ஒளி தரும் சில்லின் மேல் வைத்தது இந்தச் சீரியம் கலந்த கார்னெட் வகையைத்தான். நடுவில் 29 ஆண்டுகள்! ஆய்விதழ்களை மதிப்பிடும் தாக்கக் காரணியோ முந்தைய 2 ஆண்டுகளின் கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களை மட்டுமே எண்ணுகிறது. நீல எல்.இ.டி.க்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அந்த நீலத்தை வெள்ளையாக்கிய பொடியைச் செய்தவர்களைத் துறைக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்? இவ்விளக்கின் கீழே பாடம் படிக்கும் பிள்ளை யாருடைய கட்டுரையையும் மேற்கோள் காட்டப் போவதில்லை.

அந்த வேதியியலாளரிடம் உங்கள் செய்தியாளர் இன்னொரு முறை பேச வேண்டும். எந்தப் படிகம், எந்த அயனி, என்ன நிறம், எவ்வளவு சூட்டில் ஒளி மங்கியது என்று கேட்கட்டும். புற ஊதா விளக்கின் கீழே அந்தப் பொடியை ஒரு படம் எடுத்துப் போடுங்கள். கூட நின்று அரைத்த மாணவர்களின் பெயர்களும் அதன் அடியில் வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியை