வாயாடிக்கு, திருகோணமலையிலிருந்து

திருகோணமலை,
ஆனி மாதம், ஞாயிறு பின்னேரம்.

அன்பின் வாயாடிக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. லண்டன் ஆஸ்பத்திரியில் மெட்டர்னிட்டி சப்போர்ட் வொர்க்கர் வேலை கிடைத்ததை நீ வட்ஸப்பில் சொன்னபோது நான் ஒரு கும்பிடு மட்டும் போட்டுவிட்டு ஓடிவிட்டேன் என்று முதல் பக்கம் முழுக்க ஏசியிருக்கிறாய். அன்றைக்குக் கிளினிக் நாளடி. கிளினிக் நாளில் கும்பிடு போட நேரம் கிடைத்ததே பெரிய காரியம்.

இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பத்து மணிக்கே விறாந்தைச் சுவரில் முதுகு சாய்க்க ஏலாது. உப்புவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் நிறைந்துவிட்டார்கள். இந்த வெயில் அவர்களுக்கு நல்லது, மூதூரிலிருந்து விடிய வெளிக்கிட்டு பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிற பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்லதல்ல. கிளினிக் நாளில் யாராவது ஒருத்தி தலை சுற்றி இருந்துவிடுவாள். ஒரு குடம் தண்ணீரும் இரண்டு கோப்பையும் நானாகவே கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

"இப்போது இரண்டு பேருக்கும் ஒரே தொழில்" என்று எழுதியிருந்தாய். பாதிதான் சரி. நீ அங்கே மிட்வைஃபின் மேற்பார்வையில் பிரஷர் பார்க்கிறாய், சிறுநீரில் பட்டி தோய்த்து நிறம் பார்த்து எழுதுகிறாய், பயிற்சி எடுத்து இரத்தமும் எடுக்கிறாய். இங்கே பிரஷர் பார்ப்பது நேர்ஸ்மாரும் மிட்வைஃப்மாரும். நான் சுகாதார உதவியாளர், சனத்தின் வாயில் 'அட்டென்டன்'. நம்பர் கூப்பிடுவேன், உயரமும் நிறையும் பார்க்கிற இடத்தில் நிற்பேன், சிறுநீர்க் கப்பைக் கொடுத்து எப்படிப் பிடிப்பது என்று சொல்லுவேன், கட்டில் விரிப்பு மாற்றுவேன், டொக்டர் வயிறு பார்க்கும்போது பக்கத்தில் நிற்பேன். நீ இரத்தம் எடுக்கிறவள், நான் அந்தக் குழாய்களைச் சுமந்துகொண்டு ஆய்வுகூடத்துக்கு ஓடுகிறவள். சம்பளக் கதையை விடு, எழுதினால் பேனைதான் தேயும்.

ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு ஊரும் ஒன்று போலத்தான் இருக்கிறது. டொக்டருக்கு முன்னால் "ஒரு பிரச்சினையும் இல்லை" என்று தலையாட்டுகிறவள், எங்களிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். எங்களிடம் பேனையும் இல்லை, தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் இல்லை என்பதனால்தான் என்று நினைக்கிறேன். நீ இரத்தம் எடுக்கக் கட்டுப் போடும்போது ஒருத்தி, வயிற்றில் பிள்ளையின் அசைவு இரண்டு நாளாகக் குறைவு, அது சும்மாதானே என்று கேட்டதை எழுதியிருந்தாய். வாசிக்கும்போதே எனக்கு நெஞ்சு திக்கென்றது. இங்கேயும் அதே கேள்விதான் வரும், அதே குரலில். அவளுக்கு வேண்டியது "ஓம், சும்மாதான்" என்ற பதில். சொல்வது சுகம், கேட்கவும் இதமாக இருக்கும். நம்மைப்போல வேலை செய்கிறவர்கள் வாயில் வரவே கூடாத பதிலும் அதுதான். நீ ஒன்றும் சொல்லாமல் நேரே மிட்வைஃபிடம் போய்ச் சொன்னாயே, அதைவிடச் சரியாக ஒருவராலும் செய்ய ஏலாது. அதற்குப்போய் "நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி நின்றேன்" என்று ஏன் வெட்கப்படுகிறாய்?

இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். போன மாதம் வெருகல் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி வந்தாள். தலைச்சன், எட்டு மாதம் நடக்கிறது. நிறை பார்க்க ஏறமுதல் செருப்பைக் கழற்றச் சொன்னேன். அவள் கழற்றியது ஆம்பிளைச் செருப்பு. தேய்ந்த நீல பாத்ரூம் சிலிப்பர், குதிக்குப் பின்னால் இரண்டு விரல் அகலம் மிச்சம் இருந்தது. "அவர்ர செருப்பு அக்கா, என்ர செருப்புக்குள்ள கால் போகுதில்ல" என்று சிரித்தாள். கடைசி மாதங்களில் கால் வீங்காத பெண் ஏது? ஆனால் அவளுடைய விரலில் மோதிரம் இருந்த தடம்தான் இருந்தது, மோதிரம் இல்லை. கண்ணிமையும் ஊதியிருந்தது. போன முறையைவிட நிறை கண்டபடி ஏறியிருந்தது. தலையிடிக்குதா என்று கேட்டேன். வெயிலில் வந்ததால் இருக்கும் என்றாள். கண்? "இடைக்கிடை பூச்சி பறக்கிற மாதிரி."

அவளிடம் நான் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. நம்பர் கூப்பிடுவதை மற்றவளிடம் கொடுத்துவிட்டு, அவளை மிட்வைஃப் மிஸ்ஸிடம் கூட்டிக்கொண்டு போனேன். வரிசையில் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள், "நாங்க விடியக்காலமை வந்தனாங்க" என்று. நியாயம்தான். மிஸ் அவளைக் கதிரையில் சாய்ந்து இருக்கவைத்து, கால் மேல் கால் போடாமல், கதைக்கவிடாமல், ஐந்து நிமிடம் கழித்துப் பிரஷர் பார்த்தார். 140/90 வந்தாலே விடமாட்டார்கள், இவளுக்கு 160 தாண்டி நின்றது. சிறுநீரில் அல்புமின் என்கிற புரதமும் இருந்தது. அன்றைக்கே வார்டில் போட்டார்கள். பிள்ளை கொஞ்சம் முந்திப் பிறந்தது, நிறை குறைவு. தாயும் பிள்ளையும் சுகம். பிரஷர் மெஷின் எப்படியும் பிடித்திருக்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் அவள் கையில் இருந்தது வரிசையின் கடைசி நம்பர்களில் ஒன்று, அந்த மெஷினுக்கு முன்னால் அவள் போய் இருக்கமுதல் மத்தியானம் ஆகியிருக்கும்.

நிறை ஏறாதவர்களின் கதை வேறு. திருக்கடலூர்ப் பக்கத்துத் தாய் ஒருத்திக்கு இரண்டு மாதமாக நிறை அசையவில்லை. கைப்பையோடு தராசில் ஏறப் பார்த்தாள், நான் பையை வாங்கி வைத்துக்கொண்டேன். மாதம் 2 பொதி திரிபோஷாச் சத்துமா கிடைக்கிறதே, சாப்பிடுகிறாயா என்றால், தலையைக் குனிந்துகொண்டு "மூத்தது ரெண்டும் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருட்டித் தந்தா உடனே முடிச்சிருதுகள்" என்றாள். இதற்கு என்னடி சொல்வது? பிள்ளைகளுக்குக் கொடுக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. முதல் உருண்டை உனக்கு, மிச்சம் அவர்களுக்கு என்று மட்டும் சொன்னேன். பிறகு அந்தப் பகுதி மிட்வைஃபின் காதில் போட்டேன். வீட்டுக்குப் போய் அடுப்படியைப் பார்க்கிறவர் அவர். கொப்பியில் 'நிறை போதாது' என்று எழுதுவதோடு நிற்கிற விஷயமா இது?

குளிசைக் கதையும் அப்படித்தான். இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணீரோடு விழுங்கிவிட்டு, கல்சியத்தையும் கூடவே போடுவார்கள். தேத்தண்ணீரும் கல்சியமும் இரும்பை உடம்பில் சேரவிடாது என்று மிஸ்மார் தொண்டை வற்றச் சொல்கிறார்கள். தேத்தண்ணீர் இல்லாமல் நம்முடைய சனத்துக்கு விடியுமா? ஒன்றைப் பகலிலும் மற்றதை இரவிலும் போட்டால் மறக்கமாட்டார்கள் என்று நான் எடுத்துக் கொடுப்பேன், எது எப்போது என்பதை மிஸ் சொல்லுவார்.

சீனிச் சோதனை நாள்தான் எனக்குப் பிடிக்காத நாள். வெறும் வயிற்றோடு வந்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்து, இரண்டு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். சிலர் குடித்த கையோடு சத்தி எடுப்பார்கள். சத்தி எடுத்தால் இன்னொரு நாள் திரும்ப வரவேண்டும், கிண்ணியாவிலிருந்து ஓட்டோ பிடித்து வந்தவளுக்கு அதைச் சொல்வது லேசல்ல. மெதுவாக, ஐந்து நிமிடத்துக்குள், மிடறு மிடறாகக் குடிக்கச் சொல்லிப் பக்கத்தில் நிற்பேன். நோன்பு மாதத்தில் இன்னும் கவனம், சில பிள்ளைகள் சொல்லாமல் நோன்போடு வந்துவிடுவார்கள். மார்க்கத்தில் பிள்ளைத்தாய்ச்சிக்கு விலக்கு உண்டு என்று அவர்களுடைய உம்மாமார் சொன்னால்தான் கேட்பார்கள், நான் சொன்னால் கேட்கமாட்டார்கள். அதனால் உம்மாவைத்தான் முதலில் கூப்பிடுவேன்.

போனில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தருவார்கள் என்று நீ எழுதியதை வாசித்து எனக்குப் பொறாமையாக இருந்தது. இங்கே அந்தப் போன் நான்தான். தெற்கிலிருந்து வருகிற இளம் டொக்டர்மாருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும், கந்தளாய், சேருவில பக்கத்துத் தாய்மாருக்குத் தமிழ் வராது, நடுவில் என்னுடைய சந்தைச் சிங்களம். டொக்டர் சொன்னதற்கு மேலாகப் "பயப்படாதே" என்று ஒரு சொல் சேர்க்க நாக்கு துறுதுறுக்கும். சேர்ப்பதில்லை. மாமியாரோ புருஷனோ மொழிபெயர்ப்பதைவிட நான் மேல் என்பது மட்டும் நிச்சயம். உங்கள் ஊரில் வீட்டுக்காரரை மொழிபெயர்க்க விடக்கூடாது என்று வைத்திருப்பது நல்ல விதி. ஒருத்தியை ஒரு தடவையாவது தனியே பார்க்க வேண்டும் என்பதும் அப்படித்தான். இங்கே சிறுநீர்க் கப்பைக் கொடுத்துக் கழிப்பறை வாசல் வரை கூட்டிப்போகிற அந்த நடைதான் தனிமை. கையில் இருக்கிற கண்டலைப் பார்த்து "விழுந்தியா?" என்று அங்கேதான் கேட்பேன். சொன்னால், மிஸ் மூலம் நட்பு நிலையத்துக்கு அனுப்புவோம், அடி உதைபட்ட பெண்களுக்காகப் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிற அறை அது. சொல்லாவிட்டால் அடுத்த கிளினிக்கில் திரும்பக் கேட்பேன்.

ஆபத்தில்லாத தாய்மாரை அங்கே மிட்வைஃப்மாரே கடைசிவரை கொண்டுபோவார்கள், பலர் டொக்டரைக் காண்பதே இல்லை என்று நீ எழுதியதை மிஸ்மாருக்கு வாசித்துக் காட்டினேன். ஒருத்தர் "அதுதான் முறை" என்றார். மற்றவர், இங்கே டொக்டர் கை வைக்காவிட்டால் சனம் பிரைவேட்டுக்குப் போய்விடும் என்று சிரித்தார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

எங்களோடு வேலை செய்து பென்சன் எடுத்த அக்கா ஒருவரைப் போன மாதம் பாலையூற்றில் கண்டேன். பழைய கதை தொடங்கினால் நிற்கமாட்டார். ஸ்பிரிட் விளக்கில் சிறுநீரைக் காய்ச்சி, கலங்குகிறதா என்று பார்த்து அல்புமின் சொன்ன காலம். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மலேரியாக் குளிசை கொடுத்த காலம். 2016-ல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தபோது அவருக்கு நம்ப முடியவில்லையாம். 2009-ல் கிண்ணியாப் பாலம் திறக்கமுதல், வலி கண்டவளைப் பாதைப் படகில் ஏற்றி அக்கரையிலிருந்து கொண்டுவந்த கதைகளை அவர் வாயால் கேட்க வேண்டும். இப்போது அந்தத் தூரத்தை ஓட்டோக்காரன் பாட்டுப் போட்டுக்கொண்டு கடக்கிறான். ஒன்று மட்டும் நான் அவருக்குச் சொன்னேன். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இல்லாமலாக்கிய நாடு என்று 2019-ல் நமக்குச் சான்றிதழ் தந்தார்களே, நான் படியேறிக் கொண்டு ஓடிய இரத்தக் குழாய்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி என்று. "சரி சரி, பெருமை அடிக்காத" என்றார்.

உனக்கு ஒரு சின்ன விஷயம், தெரிந்தும் இருப்பாய். எட்டு ஒன்பது மாதக்காரியைக் கட்டிலில் மல்லாத்திப் படுக்கவைத்துவிட்டு டொக்டருக்காகக் காத்திருக்க விடாதே. கர்ப்பப்பை பெரிய இரத்தக் குழாயை அமத்தும், முகம் வெளிறி வேர்க்கும், தலை சுற்றும். இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்தால் சில நிமிடத்தில் தெளிவாள். இந்த வெயிலில் இங்கே அடிக்கடி நடக்கிறது, உங்கள் குளிரிலும் வயிறு வயிறுதானே.

வீட்டுப் புதினம்: அம்மாவின் முழங்கால் நோ அப்படியே இருக்கிறது. சின்னவன் ஓ.எல். எடுக்கிறான், புத்தகத்தைவிடக் கடற்கரையில் பந்தோடுதான் அதிகம். நம்முடைய வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்தவள் மூன்றாவது பிள்ளைக்காக என் கிளினிக்குக்கே வந்தாள், நிறை பார்க்கும்போது என்னையே திருத்தினாள், அரைக் கிலோ கூடக் காட்டுகிறதாம். தராசைச் சரிபார்த்தேன். அவள் சொன்னது சரி.

நீ கேட்ட மிளகாய்த்தூள் வறுத்து இடித்து வைத்திருக்கிறேன், ஆவணியில் கொழும்பால் வருகிற உன் மச்சாளிடம் கொடுத்துவிடுகிறேன். நீ அங்கே பிரஷர் பார்க்க எப்படிப் பழக்கினார்கள், பருத்த கைக்கு எந்தப் பட்டி போடுவீர்கள் என்று விபரமாக எழுது. இங்கே எங்களுக்கும் பழக்கப் போவதாக ஒரு கதை அடிபடுகிறது, நடந்தால் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு போகலாம். குரல் பதிவு அனுப்பாதே, பஸ்ஸில் போட்டால் எல்லோரும் கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் பழைய வாங்குத் தோழி