விழுந்த அன்று முதல் பக்கம், அறிக்கை வரும்போது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2024 பிப்ரவரி 13-ஆம் தேதி சுபாங்கிலிருந்து கிளம்பிய சிறிய விமானம் காப்பார் செம்பனைத் தோட்டத்தில் விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். அதற்கு ஆறு மாதம் முன்னால் எல்மினாவில் இன்னொரு விமானம் விழுந்து பத்துப் பேர் போனார்கள், அதில் இரண்டு பேர் பாவம், கீழே சாலையில் போய்க்கொண்டிருந்தவர்கள். இரண்டு முறையும் அன்று சாயங்காலமே புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) "விமானி தப்பு பண்ணிட்டார்" என்று தீர்ப்பு வந்துவிட்டது. செந்தூலில் முப்பது வருடமாக மோட்டார் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் எனக்கு இந்த அவசரம் பிடிக்கவில்லை. ஒரு இயந்திரம் ஏன் நின்றது என்று திறந்து பார்க்காமல் சொல்ல முடியாது.

காப்பாரில் விழுந்தது இத்தாலியில் ஒரு நிறுவனம் செய்தது. ஆனால் அமெரிக்காவில் ஆட்கள் தாங்களே வீட்டுக் கொட்டகையில் கட்டி ஓட்டுகிற விமானங்களும் உண்டு. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12-ஆம் தேதி கலிபோர்னியாவில் அப்படி ஒன்றில்தான் கடலில் விழுந்து இறந்தார். லாங்-ஈஸி என்ற அந்த விமானத்தை வேறொருவர் கட்டியிருந்தார், இவர் வாங்கிக் கொஞ்ச நாள்கூட ஆகவில்லை. வரைபடத்தின்படி எண்ணெய் வால்வு, அதாவது எந்த டேங்கிலிருந்து பெட்ரோல் வரவேண்டும் என்று மாற்றும் திருகு, விமானியின் கால்களுக்கு நடுவில் இருக்க வேண்டும். கட்டியவரோ எண்ணெய்க் குழாய் விமானி உட்காரும் இடத்துக்குள் வரவேண்டாம் என்று நினைத்து, நல்ல எண்ணத்தோடுதான், வால்வை இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். பழைய மோட்டாரில் ஓடிக்கொண்டே முழங்காலுக்குப் பக்கத்தில் கைவிட்டு ரிசர்வுக்குத் திருப்பியவர்களுக்கு இது புரியும். அந்தத் திருகு முதுகுக்குப் பின்னால் இருந்தால் என்ன செய்வோம்? டென்வர் விமானத்தை ஓட்டும் ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்து, உடம்பைத் திருப்பித்தான் அதை எட்ட முடியும். அப்படித் திரும்பும்போது வலது கால் தானாகவே பெடலை மிதிக்கிறது, விமானம் கட்டுப்பாட்டை இழக்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் புலனாய்வாளர்கள் அதையும் உட்கார்ந்து செய்து பார்த்திருக்கிறார்கள். அந்த வால்வில் எந்தப் பக்கம் எந்த டேங்க் என்ற அடையாளமும் இல்லை, எண்ணெய் அளவு காட்டும் கண்ணாடியில் கோடும் இல்லை.

சரி, அவர்மேல் தவறே இல்லையா? இருக்கிறது. கிளம்பும் முன் எண்ணெய் போதுமா என்று ஒழுங்காகக் கணக்குப் பார்க்கவில்லை, பறப்பதற்கான மருத்துவச் சான்றிதழும் செல்லுபடியாகவில்லை. அறிக்கை அதையும் மறைக்கவில்லை. ஆனால் "விமானி தவறு" என்ற இரண்டு வார்த்தையோடு நின்றிருந்தால் அந்த வால்வு யார் கண்ணிலும் பட்டிருக்காது. பிறகு 2012-இல் அதே அமெரிக்க வாரியம் ஆட்கள் தாங்களே கட்டும் இந்த வகை விமானங்களை மொத்தமாக ஆராய்ந்தது. சிறு விமானங்களில் இவை ஏறக்குறைய பத்து விழுக்காடுதான், உயிர் போன விபத்துகளிலோ 21 விழுக்காடு. அப்புறம், விபத்தில் சிக்கியவற்றில் பாதிக்கு மேல் ஓட்டுபவர் கட்டியவை அல்ல, டென்வர் போலப் பிறரிடம் வாங்கியவை. எனக்கு அதைப் படித்தபோது நெஞ்சு கனத்தது, ஏனென்றால் யாரோ மாற்றிக் கட்டிய வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வாங்கிக்கொண்டு வருகிறவர்களை நான் பட்டறையில் வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

நம் நாட்டிலும் போக்குவரத்து அமைச்சின் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு முப்பது நாளில் முதற்கட்ட அறிக்கை, பிறகு இறுதி அறிக்கை என்று வெளியிடுகிறது. யாரையும் குற்றவாளி ஆக்க அல்ல, அடுத்தது விழாமல் இருக்கத்தான் என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். விழுந்த அன்று முதல் பக்கத்தில் போட்ட செய்திக்கு, அறிக்கை வந்த அன்று தமிழில் ஒரு கால் பக்கமாவது வந்து நான் பார்த்ததில்லை. இறந்தவர்களின் வீட்டார் மட்டும்தான் அதைத் தேடிப் படிக்க வேண்டுமா? தயவுசெய்து அதைப் போடுங்கள் ஐயா. மொழிபெயர்க்க ஆள் இல்லை என்றால் என் மகள் ஆங்கிலத்தைப் படித்துச் சொல்வாள், இயந்திர விவரங்களை நான் தமிழில் எழுதித் தருகிறேன், சம்பளம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
பட்டறைக்கார வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்