ஹவாய்க்காரருக்கு ஹவாயில காணி இருக்கோ எண்டும் கேளுங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பத்திரிகையில சிலியையும் ஹவாயையும் பக்கத்தில பக்கத்தில வச்சு ஒரு கட்டுரை வந்தது. ஹவாய் ஆக்களின்ர ஆள்வீத வருமானம் சிலி ஆக்களை விடப் பல மடங்கு கூட, அதுக்குக் காரணம் ரூரிசம், யாழ்ப்பாணமும் அந்த வழியில போனா எங்கட பெடியள் வெளிநாடு ஓடத் தேவையில்லை எண்டு எழுதியிருந்தது. நான் முப்பது வருசத்துக்குக் கிட்டப் புவியியல் படிப்பிச்ச ஆள், பசுபிக் சமுத்திரத்தைக் கரும்பலகையில எத்தினை தரம் கீறியிருப்பன் எண்டு எனக்கே தெரியாது, அதால அந்தக் கட்டுரையை ரெண்டு தரம் இருந்து வாசிச்சன். கணக்கில பிழை இல்லை. ஆனா அந்தக் காசு ஆற்ற கையில கிடக்கு, அந்த மண்ணில பிறந்தவன் அந்த மண்ணிலயே ஒரு வீடு கட்டி இருக்க ஏலுமோ எண்ட கேள்வி ஒரு இடத்திலயும் வரேல்லை, எனக்கு அதுதான் மனசுக்குக் கிடந்து உறுத்துது.

முதல் விசயம், ஹவாயில குடியிருக்கிற எல்லாரையும் அங்க ஹவாய்க்காரர் எண்டு சொல்லமாட்டினம். கரும்புத் தோட்டத்தில வேலை செய்யவெண்டு சீனாவில இருந்து, ஜப்பானில இருந்து, பிலிப்பைன்ஸில இருந்து கொண்டுவந்து இறக்கின சனத்தின்ர பிள்ளையள், பிறகு அமெரிக்காவில இருந்து வந்து காணி வாங்கின வெள்ளைக்காரர், படை ஆக்கள் எண்டு எல்லாரும் சேர்ந்ததுதான் அங்கத்தைய பதினாலு லட்சத்துச் சொச்சம். ஹவாய்க்காரர் எண்டா அந்தத் தீவின்ர பூர்வீகச் சனம், தங்கட பாசையில கானாகா மாவோலி எண்டு சொல்லுவினம். அதே மாதிரி சிலியில மாப்புச்சே எண்ட சனம் இருக்கு, மாப்பு எண்டா மண், சே எண்டா ஆக்கள், 2017 சனத்தொகைக் கணக்கில பதினேழு லட்சத்துக்கு மேல. இன்னும் ஒரு கூட்டம் இருக்கு, அதைக் கட்டுரையில காணவே இல்லை. சிலிக் கரையில இருந்து 3,500 கிலோமீற்றருக்கு அங்கால நடுக்கடலில கிடக்கிற ராப்பா நூயி, பெரிய கல்லுச் சிலையள் நிக்கிற ஈஸ்டர் தீவு. கொடி சிலிக் கொடி, ஆனா சனம் ஹவாய்ச் சனத்தின்ர சொந்தக்காரர், பாசையும் ஒண்டுக்கொண்டு உறவு. 1999இல ஹொக்குலேயா எண்ட ஹவாய்ப் படகு திசைகாட்டி ஒண்டும் இல்லாமல் வெள்ளியையும் அலையையும் பார்த்துக்கொண்டே அந்தத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு வேரில இருந்து வந்த ரெண்டு சனம், ஒண்டு அமெரிக்காவின்ர வாஷிங்டனுக்குக் கீழ, மற்றது சிலியின்ர தலைநகர் சந்தியாகோவுக்குக் கீழ. சிலியையும் ஹவாயையும் ஒப்பிடுறதெண்டா இதில இருந்துதான் தொடங்கவேணும்.

ஹவாய் ஒரு ராச்சியமா இருந்த இடம். 1893 தை மாசம் 17ஆந் திகதி கரும்பு முதலாளிமார் கூட்டம் ஒண்டு ராணி லிலியுவோகலானியை ஆட்சியில இருந்து இறக்கிப்போட்டுது, துணைக்கு அமெரிக்கப் படை கப்பலில இருந்து கரையில இறங்கி நிண்டது. 1898இல அமெரிக்கா தீவுகளைத் தன்னோட சேர்த்தது, ராணியின்ர காணியும் அரசாங்கக் காணியுமா ஒரு 18 லட்சம் ஏக்கர் கைமாறிப் போச்சு. நூறு வருசம் கழிச்சு, 1993இல, நாங்கள் செய்தது பிழை எண்டு அமெரிக்கக் காங்கிரசே மன்னிப்புத் தீர்மானம் எழுதினது, அதோட ஒரு ஏக்கர் காணியும் திரும்பி வரேல்லை.

இடையில 1921இல ஒரு சட்டம் வந்தது. பூர்வீகச் சனத்துக்கு எண்டு 2 லட்சம் ஏக்கர் ஒதுக்கி, வருசத்துக்கு ஒரு டொலர் வாடகையில 99 வருசக் குத்தகைக்குக் குடுக்கிறது. கேக்க நல்லாத்தான் கிடக்கு. ஆனா நல்ல நிலத்தைக் கரும்புக் கொம்பனியள் விட்டுக்குடுக்கேல்லை, கனக்கக் காணி எரிமலைக் கல்லும் தண்ணி இல்லாத வெட்டையுமாத்தான் கிடைச்சது, அதோட ஆளின்ர இரத்தத்தில அரைவாசியாவது பூர்வீக இரத்தம் எண்டு நிரூபிக்கவேணும் எண்டும் எழுதி வச்சினம். பேரப்பிள்ளை கலப்புக் கலியாணத்தில பிறந்தா உரிமை தேஞ்சுகொண்டு போகும். இண்டைக்கும் 28,000 பேருக்கு மேல அந்தக் காத்திருக்கிற பட்டியலில நிக்கினம். காணி தரப் பிந்தினதுக்கு எதிரா 1999இல ஒரு வழக்குப் போட்டினம், வழக்காளியள் 2,700 பேர் அளவில, அரசாங்கம் 328 மில்லியன் டொலர் தாறம் எண்டு ஒத்துக்கொண்டது 2022இல. அதுக்கிடையில அந்தப் பட்டியலில எத்தினை பேர் செத்துப்போச்சினம்.

இதை எழுதேக்க எனக்கு எங்கட ஐயாவின்ர ஞாபகம் வராமல் இருக்கேல்லை. 1990 ஆனி மாசம் வலிகாமம் வடக்கில இருந்து நாங்கள் வெளிக்கிட்டபோது ஐயா ரெண்டே ரெண்டு சாமான்தான் எடுத்தவர், ஒண்டு ரேடியோ, மற்றது காணி உறுதி. உறுதியை பால்மாப் பையில சுத்தி, பழைய வேட்டித் துண்டால கட்டி, முகாமில கொட்டில் கூரைத் தடிக்கிடையில செருகி வச்சிருந்தார். மாரி முடிஞ்சு தை வெயில் வந்தால் அதை எடுத்து விரிச்சு, நாலு மூலையிலயும் கல்லு வச்சுக் காயவிடுவார், காயும்வரைக்கும் பக்கத்தில குந்தியிருந்து சத்தமா வாசிப்பார், கிழக்கு ஒழுங்கை, தெற்கு பெரியம்மாவின்ர வளவு, கிணத்தில பங்கும் வழி வாய்க்காலும் எண்டு. ஒவ்வொரு வருசமும் மடிப்பில கடதாசி கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கொண்டு போச்சு. 2006இல முகாமிலயே மோசம் போனார். படை பிடிச்சிருந்த எங்கட ஆறு பரப்புக் காணியில அரைவாசி இப்ப எங்களுக்கு விடுபட்டிருக்கு, வேலி நடு வளவால போகுது, கிணறு வேலிக்கு அங்கால நிக்குது. ஹவாயில லிஸ்டில பேர் பதிஞ்சுபோட்டுக் காத்திருந்து செத்த கிழவன் கிழவியளைப் பற்றி வாசிக்கேக்க நான் அவையை அறியாத ஆக்கள் எண்டு நினைக்கேல்லை.

படைக்குக் குடுத்த காணியும் அங்க இருக்கு. ஹவாய்ப் பெரிய தீவில பொஹாகுலோவா எண்ட இடத்தில 23,000 ஏக்கர் அளவில, 1964இல 65 வருசக் குத்தகை, மொத்த வாடகை ஒரு டொலர், 2029இல முடியுது. கஹோவலாவே எண்ட ஒரு முழுத் தீவையே 1941இல இருந்து 1990 வரைக்கும் குண்டு போட்டுப் பழகுற இடமா வச்சிருந்தவை, திருப்பிக் குடுத்த பிறகும் வெடிக்காத குண்டு முழுக்க எடுத்து முடியேல்லை. மிதிவெடி எடுக்கும்வரை வளவுக்குள்ள கால் வைக்காமல் காத்திருந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனி அந்த வருமானக் கணக்கு. சம்பளம் கூடத்தான், ஆனா ஒவாஹு தீவில தனி வீடு ஒண்டின்ர நடு விலை 10 லட்சம் டொலருக்கு மேல. சாப்பாட்டில பெரும்பங்கு கப்பலில வாறது, அமெரிக்கத் துறைமுகத்துக்கிடையில அமெரிக்கக் கப்பல்தான் சாமான் ஏத்தலாம் எண்டு 1920இல போட்ட சட்டமும் விலையை ஏத்துது. ஹொட்டேலில பகலில ஒரு வேலை, இரவில இன்னொரு வேலை எண்டு செய்தும் கட்டாமல் சனம் வெளிக்கிடுது. 2020 கணக்கெடுப்பில பூர்வீக ஹவாய்க்காரரில அரைவாசிக்கு மேல ஹவாய்க்கு வெளியிலதான் இருக்கினம். அமெரிக்கப் பாலைவனத்தில கிடக்கிற லாஸ் வேகாஸ் நகரத்தை, ஹவாயின்ர பெரிய தீவு எட்டுக்கு அடுத்ததா, அவையளே ஒன்பதாவது தீவு எண்டு கூப்பிடுகினம், அவ்வளவு சனம் அங்க. 2019இல ஒரு கோடிக்கு மேல ரூரிஸ்ற் வந்துபோன இடத்தில சொந்தச் சனம் வயனாயே கடற்கரையில கூடாரம் அடிச்சுப் படுக்குது. இதைத்தானோ எங்களுக்கு வழி எண்டு காட்டுறியள்?

லஹைனாவை எடுங்கோ. ஒரு காலம் அந்த ராச்சியத்தின்ர தலைநகர், குளமும் ஈர நிலமுமா இருந்த ஊர். கரும்புக்காரர் மலையில இருந்து வாற தண்ணியை வாய்க்கால் வெட்டித் தோட்டத்துக்குத் திருப்பிச்சினம், பேந்து தோட்டத்தை மூடிப்போட்டுப் போச்சினம், வெளியில இருந்து வந்த புல்லு அந்த வெறுங்காணி முழுக்கப் பத்தையா வளந்து காஞ்சு கிடந்தது. 2023 ஆவணி 8ஆந் திகதி காத்தோட நெருப்பு வந்து நூறு பேருக்கு மேல செத்தது, ரெண்டாயிரத்துக்கு மேல கட்டிடம் எரிஞ்சது. வீடு போன சனம் ஹொட்டேல் அறையளில கிடந்தது, வாடகை வீடு தேடினா விலை கேட்டே தலை சுத்தும்.

இனிச் சிலிப் பக்கம். அங்கயும் பால் ஓடுது எண்டு நான் சொல்ல வரேல்லை. மாப்புச்சே சனம் ஸ்பானியருக்கே அடங்காத சனம், 1641இல ஸ்பெயின் அவையளோட உடன்படிக்கை எழுதி பியோபியோ ஆற்றை எல்லையா ஒத்துக்கொண்டது. சுதந்திரம் எடுத்த சிலிதான் 1861இல இருந்து 1883 வரைக்கும் படை நடத்தி அந்தக் காணியைப் பிடிச்சது, சனத்தை 5 லட்சம் ஹெக்டயர் அளவுக்குள்ள துண்டு துண்டா ஒதுக்கிச்சுது. பிறகு 1974இல பினோஷேயின்ர ராணுவ ஆட்சியில ஒரு ஆணை வந்தது, பைனும் யூக்கலிப்டசும் நட்டால் செலவில 75 வீதம் வரைக்கும் அரசாங்கம் தரும் எண்டு. பெரிய கொம்பனியள் மலை மலையா நட்டினம். இப்ப கோடை வந்தால் பக்கத்துக் கிராமத்துக் கிணறெல்லாம் வத்தி, தண்ணி லொறியில வருது, சனம் வாளியோட வாசலில நிக்குது. ஊரை விட்டு வெளிக்கிட்ட பெடியள் சந்தியாகோவில பேக்கரியில மாப் பிசையிறது, பெட்டையள் பணக்கார வீட்டில வேலைக்கு நிக்கிறது, இதுதான் ரெண்டு மூண்டு தலைமுறையா நடந்தது. 1981 தண்ணிச் சட்டத்தால ஆத்துத் தண்ணியும் வித்து வாங்கிற சொத்தாப் போச்சு, குடிக்கத்தான் முதல் உரிமை எண்டு 2022இலதான் திருத்தினவை. அதே வருசம் பூர்வீகச் சனத்துக்குக் கனக்க உரிமை எழுதியிருந்த புது அரசியலமைப்பை 62 வீதமான சனம் வேண்டாம் எண்டு போட்டிட்டுது.

தண்ணிக் கதை எண்டா எங்கட பக்கத்தில வயிறு பத்தி எரியும். 2014, 2015 காலத்தில சுன்னாகம் சுத்துவட்டாரத்தில கிணத்தில வாளி விட்டால் மேல எண்ணெய் மினுங்கும், நான் அப்ப இருந்த வாடகை வீட்டுக் கிணத்திலயும் அப்பிடித்தான், சோறு வடிச்சால் மணம், ஒழுங்கை முனையில கறுப்பு பிளாஸ்ரிக் ராங் வச்சு பவுசரில தண்ணி ஊத்திச்சினம். ஹொனலூலுவுக்குக் கிட்ட ரெட் ஹில் எண்ட இடத்தில நிலத்துக்குக் கீழ கடற்படையின்ர எண்ணெய்த் தாங்கியள், 2021 கார்த்திகையில குழாயால ஒழுகி ஆயிரக்கணக்கான குடும்பத்தின்ர குடிதண்ணியில கலந்தது. ஆள்வீத வருமானம் எவ்வளவு எண்டாலும் தீவுக்கு நிலத்தடித் தண்ணி ஒண்டுதான், அது அங்கயும் அப்பிடித்தான், இஞ்சயும் அப்பிடித்தான்.

எனக்குப் பெரிசாப் படுறது ராப்பா நூயி. 1888இல சிலி அதை எடுத்தது, எடுத்துப்போட்டு முழுத் தீவையும் ஆட்டுக் கொம்பனிக்குக் குத்தகைக்குக் குடுத்தது, 1953 வரைக்கும் சனத்தை ஹங்கா ரோவா எண்ட ஒரு ஊருக்குள்ள வேலி அடைச்சு வச்சிருந்தவை, ஆடு தீவு முழுக்கத் திரியலாம், மனிசன் பாஸ் இல்லாமல் வெளிய போக ஏலாது. கொம்பனி போகக் கடற்படை வந்தது. 1964இல 22 வயசு வாத்தியார் ஒருத்தர், அல்பொன்சோ ராப்பு, சிலியில படிச்சுப்போட்டுத் திரும்பி வந்தவர், சனத்தைக் கூட்டி சனாதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார், எங்களுக்கு வோட்டு வேணும், எங்கட தீவில நாங்கள் நடந்து திரிய வேணும் எண்டு. பிடிக்கக் கப்பலில படை வந்தது, தீவுப் பெண்டுகள் அவரைச் சுத்தி நிண்டு காப்பாத்திச்சினம். பேந்து அவரே மேயரா வந்தார், 1966இல சட்டம் வந்து சனத்துக்குப் பிரசாவுரிமை கிடைச்சது. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுதின கடிதம், ஆசிரியர் அவர்களே.

இண்டைக்கு அந்தத் தீவில ராப்பா நூயி ஆள் இல்லாதவருக்குக் காணி வித்து எழுத ஏலாது. 2018இல இருந்து வெளி ஆள் 30 நாளுக்கு மேல தங்க ஏலாது, சிலியின்ர மற்றப் பக்கத்தில இருந்து வாறவருக்கும் அதே சட்டம். சிலையள் நிக்கிற பூங்காவின்ர நிருவாகமும் ரிக்கற் காசும் 2017இல தீவுச் சனத்தின்ர கைக்கு வந்தது. கொரோனாவுக்கு 2020 பங்குனியில தீவை மூடினவை, 2022 ஆவணியிலதான் திறந்தது, ரெண்டரை வருசத்துக்குக் கிட்ட ரூரிஸ்ற் ஒருத்தரும் இல்லை. காணி கையில இருந்தபடியால கொத்தி நட்டுச்சினம், காத்து அடிக்காமல் வட்டமாக் கல்லு அடுக்கி உள்ளுக்குப் பயிர் வைக்கிற மானாவை எண்ட பழைய முறையும் திரும்பிக் கைகுடுத்தது, நெடுந்தீவில பவளக்கல்லு வேலியைப் பார்த்தவருக்கு அது கண்ணில தெரியும். கஷ்டம் இல்லாமல் இல்லை, பாரதூரமான வருத்தம் எண்டா சந்தியாகோவுக்கு அஞ்சு மணித்தியாலம் பிளேனில போகவேணும், சாமான் விலை நெருப்பு விலை. ஆனா ஹவாய்க்காரரைப் போல ஊரை விட்டுத் துரத்துப்பட்டுப் போகாமல் இருக்கச் சட்டத்தில ஒரு பிடி இருக்கு. வருமானத்தில கீழ நிக்கிற தீவு காணியில மேல நிக்குது, இது உங்கட கட்டுரையின்ர அட்டவணையில தெரியாது.

பாசையில மட்டும் ஹவாயைத்தான் மெச்சுவன். 1896இல பள்ளிக்கூடத்தில நிப்பாட்டின பாசையை 1978இல உத்தியோக பாசை ஆக்கி, 1984இல பாலர் பள்ளியில இருந்து தாய்மாரும் வாத்திமாருமா நிண்டு திரும்பக் கொண்டுவந்தினம்.

யாழ்ப்பாணத்தில ஹொட்டேல் வரட்டும், நான் தடுக்கேல்லை. ஆனா கடற்கரைக் காணியை ஆர் ஆருக்கு எத்தினை வருசக் குத்தகைக்கு எழுதுறது, கிணத்துத் தண்ணியில எவ்வளவு இழுக்கலாம், வேலை ஆருக்கு எண்டு முதல் எழுதி வச்சுப்போட்டு வரட்டும். உங்களிட்ட ஒரு வேண்டுகோள், அந்தக் கட்டுரையின்ர அடுத்த பகுதி வரும் எண்டு போட்டிருந்தியள். அதில வலிகாமம் வடக்கில இன்னும் காணிக்குப் பதிஞ்சுபோட்டுக் காத்திருக்கிற குடும்பம் எத்தினை எண்டு பிரதேச செயலகத்தில கேட்டு வாங்கி, ஹவாயின்ர அந்த 28,000 பேருக்குப் பக்கத்தில போடுங்கோ. ஐயாவின்ர உறுதியின்ர போட்டோக் கொப்பி ஒண்டு இதோட வச்சிருக்கிறன், பேப்பரில போடத் தேவையில்லை, மடிப்பில எழுத்து அழிஞ்ச இடத்தில நான் பென்சிலால எழுதியிருக்கிறன், வாசிச்சுப் பாருங்கோ.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
வலிகாமம் வடக்கு, யாழ்ப்பாணம்.