அடுத்த விளம்பரத்திலாவது கொடுப்பனவு எவ்வளவென்று எழுதுங்கள்

மதிப்புக்குரிய பணிப்பாளர் சபையினருக்கும் மனிதவளப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் தொலைக்காட்சி நிறுவனத்தின் கோடைகாலப் பயிற்சித் திட்டத்திலிருந்து கடந்த மாதம் ஒரு பிள்ளை பாதியில் விலகினாள். அவளுடைய கடிதம் உங்கள் கோப்பில் இருக்கும். "தனிப்பட்ட காரணங்களுக்காக" என்று அதில் எழுதியிருக்கிறாள். அப்படி எழுதினால் போதும் என்று சொன்னது உங்கள் அலுவலகம்தான். அந்தத் தனிப்பட்ட காரணம் என்னவென்று எழுதவே இந்த மடல்.

அவள் தங்கியிருந்தது வெள்ளவத்தையில், என் வீட்டில். மேல்மாடி அறைகளைப் படிக்கிற, வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுகிறேன். உங்கள் நிறுவனத்துக்குப் பயிற்சிக்கென்று வருகிற பிள்ளைகள் ஆண்டுதோறும் யாராவது என்னிடம் வந்து தங்குகிறார்கள். ஆகவே உங்கள் பயிற்சிக்கு அவர்கள் கொடுக்கிற விலை எனக்குத் தெரியும். அதில் ஒரு பங்கை மாதம் பிறந்தால் நானே கைநீட்டி வாங்குகிறேன்.

நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. பெயர் வெளியே வந்தால் இந்தத் துறையில் வேறெங்கும் தனக்கு இடம் கிடைக்காது என்று அந்தப் பிள்ளை பயப்படுகிறாள். படித்த, திறமையுள்ள ஒரு பிள்ளை தனக்கு நடந்ததைச் சொல்லவும் இப்படிப் பயப்படுகிறாள் என்பதை நீங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நான் கேட்பது இதுதான்: பயிலுநர்களுக்கு மாதாந்தக் கொடுப்பனவு கொடுங்கள். அது எவ்வளவு என்பதை விண்ணப்பம் கோரும் விளம்பரத்திலேயே எழுதுங்கள்.

இந்த ஆண்டு விளம்பரத்தை என் வீட்டுப் பிள்ளைகள் கைபேசியில் காட்டினார்கள். கலையக விளக்குகள், சிரித்த முகங்கள், உங்கள் புகழ்பெற்ற நிகழ்ச்சிகளின் படங்கள். விண்ணப்பப் படிவமோ நீளமானது. உயர்தரப் பெறுபேறு, பல்கலைக்கழகம், நன்னடத்தைக்குச் சான்று சொல்ல இருவர், சமூக வலைத்தளங்களில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள், சொந்தமாக மடிகணினி இருக்கிறதா, ஒரு நிமிடக் காணொளி. விண்ணப்பதாரியிடம் இவ்வளவையும் கேட்ட அந்தப் படிவத்தில், நீங்கள் என்ன தருவீர்கள் என்று ஒரு வரி இல்லை. நேர்முகத்திலும் யாரும் சொல்லவில்லை. 22 வயதுப் பிள்ளை, உங்கள் கட்டடத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்ததே பெரிய காரியம் என்று நினைக்கிறவள், காசைப் பற்றி எப்படி வாய்திறப்பாள்? கேட்டால் தெரிவுப் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும் என்று ஒருவருக்கொருவர் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஊதியம் இல்லை என்பது முதல் நாள் கையொப்பமிடக் கொடுத்த தாளில்தான் அவளுக்குத் தெரிந்தது. பயிற்சிக் காலத்தில் அவள் செய்கிற எதுவும் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற நிபந்தனையும் அதே தாளில் இருந்தது. அதற்குள் அவள் மலையகத்துப் பொகவந்தலாவையிலிருந்து பெட்டியோடு வந்து, எனக்கு முற்பணமும் கட்டிவிட்டாள். திரும்பிப் போகவும் காசு வேண்டும்.

அவள் மட்டக்களப்பில், சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் அரங்கியலும் படிப்பவள். தாய் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். நீங்கள் கேட்ட ஒரு நிமிடக் காணொளியை அனுப்புவதற்குச் சிக்னல் தேடி மேற்கணக்கு வரை, அதாவது தோட்டத்தின் மேற்பிரிவு வரை, ஏறிப் போனதாகச் சொன்னாள். மலையகத்தில் ஒரு நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது. என் வீட்டில் ஒரு கட்டிலுக்கு மாதம் 15,000 ரூபாய் வாங்குகிறேன். இந்தப் பகுதியில் அது கூடிய வாடகை அல்ல. சாப்பாட்டுப் பார்சலும் பஸ் காசும் வேறு. அந்தத் தாய் எத்தனை நாள் மலை ஏறினால் மகள் உங்கள் கலையகத்தில் ஒரு மாதம் இலவசமாக வேலை செய்யலாம் என்பதை உங்கள் கணக்குப் பிரிவு கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

வேலை என்றுதான் சொல்கிறேன். பயிற்சி என்றால் யாராவது பக்கத்தில் இருந்து பழக்க வேண்டும். அவளைப் பழக்க வேண்டிய காணொளித் தொகுப்பாளர் விலகிப் போய் நாளாகிவிட்டது. அவருடைய இடத்துக்கு ஆள் எடுக்கப்படவில்லை. அவருடைய கணினியில் அவளை உட்கார வைத்தீர்கள். வார இறுதி நிகழ்ச்சியின் முன்னோட்டங்களை அவள் தொகுத்தாள். அவை ஒளிபரப்பாகின. என் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகள் எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்த்துக் கைதட்டினார்கள். அவளுடைய பெயர் எங்கும் வரவில்லை.

இனி இரவைப் பற்றி எழுத வேண்டும். இதை நீங்கள் ஆறுதலாக வாசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த நாளுக்கான முன்னோட்டத்தை முடித்துக் கொடுக்க இரவு 11 மணி தாண்டிவிடும். அந்த நேரத்தில் ஊழியர்களை வீடுகளில் இறக்க உங்கள் வான் புறப்படுகிறது. காலி வீதி வழியாகத் தெஹிவளைக்குப் போகிற வான் என் ஒழுங்கை முகப்பைக் கடந்துதான் போகிறது. அதில் இடமும் இருக்கிறது. ஆனால் போக்குவரத்துப் பட்டியலில் பயிலுநர்களின் பெயர் இல்லை. தொடக்கத்தில் சாரதி மனம் பொறுக்காமல் அவளை ஏற்றிவந்து ஒழுங்கை முகப்பில் இறக்கிவிட்டார். நான் கேற்றைத் திறக்கும்வரை வானை எடுக்காமல் நிற்பார். சிங்களவர், வயதானவர், அவளை "துவ", மகள், என்றுதான் கூப்பிடுவார். பிறகு யாரோ போய்ச் சொல்ல, நிர்வாகப் பிரிவு அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தது. பட்டியலில் இல்லாதவருக்குக் காப்புறுதி இல்லை, ஏதும் நடந்தால் சாரதியே பொறுப்பு என்று சொல்லப்பட்டதாம். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அவரில் நான் குற்றம் காணவில்லை.

அதன் பிறகு அவள் உங்கள் கட்டடத்திலேயே விடியும்வரை இருந்தாள். அந்நேரத்தில் பஸ்ஸுக்காக ஒரு பிள்ளை வீதியில் தனியே நிற்க முடியாது. முச்சக்கரவண்டிக்குக் கொடுத்தால் மறுநாள் சாப்பாட்டுக்கு இருக்காது. வரவேற்பிடத்து நாற்காலியில், கைப்பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கீழ்த்தளத்துக் கழிவறையை இரவில் பூட்டிவிடுவார்கள் என்பதால் மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டாள். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. அவளோடு வந்த இன்னொரு பிள்ளை அழுதுகொண்டு சொன்னாள். முதல் பஸ்ஸில் வந்து, குளித்து, கண்ணை மூடி எழும்பி, காலை 9 மணிக்குத் திரும்பவும் அங்கே இருக்க வேண்டும். பிந்தினால் மதிப்பீட்டில் புள்ளி குறையும். வருகையைப் பதிவதற்கு அவளுடைய விரலடையாளம் உங்களுக்குத் தேவைப்பட்டது. வான் பட்டியலில் எழுத அவளுடைய பெயர் தேவைப்படவில்லை.

1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என்று வரையறை வைத்திருக்கிறது. குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாயாகவும் உயர்த்திய சட்டமும் இந்த நாட்டில் இருக்கிறது. எந்தப் பிரிவு பயிலுநருக்குப் பொருந்தும் என்று உங்களோடு வழக்காட நான் வரவில்லை. ஒரு மனிதரின் ஒரு மாத உழைப்புக்கு இதற்குக் கீழே போகக்கூடாதென்று நாடு ஒரு கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோட்டுக்கு அருகிலாவது வாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அவள் ஒருநாள் துணிந்து கேட்டபோது, உலகம் முழுவதும் இதுதான் வழக்கம், ஹொலிவூட்டிலும் பெரிய நிறுவனங்களில் இப்படித்தான் தொடங்குகிறார்கள் என்று உங்கள் பொறுப்பாளர் பதில் சொன்னாராம். என் வீட்டில் புதுக்கடைச் சட்டக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை ஒருத்தியும் இருக்கிறாள். அவள் தேடி வாசித்துச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அமெரிக்காவில் ஃபொக்ஸ் சேர்ச்லைட் நிறுவனத்தின் படமொன்றில் சம்பளமின்றி வேலை செய்த பயிலுநர்கள் 2011 இல் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும் என்று 2013 இல் நியூயோர்க்கில் நீதிபதி தீர்ப்பளித்தார். 2015 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை விலக்கியது உண்மைதான். ஆனால் அதுவும் ஓர் அளவுகோலை வைத்தது: அந்த ஏற்பாட்டில் முதன்மையாக நன்மை பெறுவது பயிலுநரா, நிறுவனமா என்று பார்க்க வேண்டும். இதே போன்ற வழக்குகளில் என்பிசி யூனிவர்சல் 2014 இல் 6.4 மில்லியன் டொலரும், வயாகொம் 2015 இல் 7.2 மில்லியன் டொலரும் கொடுத்து இணக்கத்துக்கு வந்தன. டிஸ்னி இன்று தன் பயிலுநர்களுக்கு மணிக்கணக்கில் சம்பளம் கொடுக்கிறது. ஹொலிவூட்டை உதாரணம் காட்டியது நீங்கள். அப்படியானால் அங்கே வைத்த அளவுகோலால் உங்கள் தொகுப்பறையை அளந்து பாருங்கள். விலகிப் போன ஊழியரின் கதிரையில் பழக்க ஆளில்லாமல் இருந்து, ஒளிபரப்பாகும் வேலையைச் செய்து முடித்த பிள்ளையால் நன்மை பெற்றது யார்?

வீட்டுக்காரியான நான் வாடகையை விட்டுக்கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு மாதம் விட்டுக்கொடுத்தேன். அவள் வாங்க மனமில்லாமல்தான் வாங்கினாள். ஆனால் என் வீட்டு வாடகையிலும் ஒரு தாயின் கொழுந்துக் கூடையிலும் இருந்தா உங்களைப் போன்ற ஒரு நிறுவனம் தன் ஆட்பற்றாக்குறையை நிரப்ப வேண்டும்?

இது ஒரு பிள்ளையின் கஷ்டத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. கொழும்பு வானொலி 1925 இல் தொடங்கியது, நூறாண்டு ஆகிவிட்டது. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் என்று இங்கிருந்து போன குரல்களுக்குக் கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் வீடுவீடாகக் காத்திருந்தார்கள். தயாரிப்பாளர் சானா நாடகப் பகுதியை நடத்திய காலத்து வானொலி நாடகங்களை என் தாய் சமையலை நிறுத்திவிட்டுக் கேட்பார். அப்படிக் கேட்ட பழக்கமும் இரசனையும் வளர்த்துவிட்ட மக்கள்தான் இன்றைக்கு உங்கள் அலைவரிசையைப் பார்க்கிறார்கள். மட்டக்களப்பாரின் பேச்சு, மலையகத்தாரின் பேச்சு, மன்னாரின் பேச்சு, கொட்டாஞ்சேனையின் பேச்சு எல்லாம் கலந்துதான் இந்த நாட்டுத் தமிழ். சம்பளமில்லாத பயிற்சியைத் தாண்டித்தான் உள்ளே வரலாம் என்றால், கொழும்பில் சொந்த வீடோ பணமுள்ள உறவோ இருக்கிற பிள்ளைகள் மட்டும்தான் தாண்டுவார்கள். மலையகத்தைப் பற்றி நீங்கள் நாடகம் எடுப்பீர்கள். அந்தப் பேச்சு வராத பிள்ளைகள் அதைப் பேசி நடிப்பார்கள். போன தைப்பொங்கல் விசேட நாடகத்தில் அதைத்தான் பார்த்தோம். பொகவந்தலாவைப் பிள்ளை அப்போது இங்கே இல்லை. இருந்திருந்தால் ஒரு சொல்லையாவது திருத்தியிருப்பாள்.

உங்கள் நிறுவனம் மட்டும் இப்படி என்று சொன்னால் அது நியாயமாகாது. விளம்பர நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், சட்ட அலுவலகங்கள் என்று இந்த நகரத்தில் பல இடங்களில் இதே கதையைப் பிள்ளைகள் சொல்கிறார்கள். முதல் வேலைக்கே அனுபவம் கேட்கிறார்கள். அந்த அனுபவத்தைச் சும்மா உழைத்துத்தான் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். பெற்றோரும் பிள்ளை பெரிய இடத்துக்குப் போகிறது என்ற பெருமையில் கடன் வாங்குகிறார்கள். வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள். பிறகு ஏன் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டுக்குப் போகிறார்கள் என்று நீங்களே விவாத நிகழ்ச்சி வைக்கிறீர்கள். அந்த நிகழ்ச்சிக்கும் ஒரு பயிலுநர்தான் குறிப்பெடுத்துக் கொடுத்தாள்.

பொறுத்துக்கொள்ளுங்கள், சொல்ல வந்ததிலிருந்து விலகிவிட்டேன்.

அடுத்த மாத வாடகைக்காகத் தாய் தன் காதுத் தோட்டை அடகு வைத்துவிட்டார் என்று தங்கை தொலைபேசியில் சொன்ன அன்றுதான் அந்தப் பிள்ளை பெட்டியைக் கட்டினாள். உங்கள் கோப்பில் உள்ள "தனிப்பட்ட காரணம்" இதுதான்.

ஆகவே தாழ்மையுடன் மீண்டும் கேட்கிறேன். பயிலுநர்களுக்குக் கொடுப்பனவு கொடுங்கள். அது எவ்வளவு என்பதை விளம்பரத்திலேயே, மூன்று மொழிகளிலும் எழுதுங்கள். கொடுக்கப் போவதில்லை என்றால் அதையாவது அங்கேயே எழுதிவிடுங்கள். பிள்ளைகள் வீட்டில் இருந்தே முடிவெடுக்கட்டும், கொழும்புக்கு வந்திறங்கிய பிறகு அல்ல. இரவு வேலைக்கு நிறுத்தி வைக்கிற எந்தப் பிள்ளையின் பெயரையும் வான் பட்டியலில் சேர்த்துக் காப்புறுதியும் செய்யுங்கள். இதற்கு அடுத்த ஆண்டு வரை காத்திருக்கத் தேவையில்லை; இன்று இரவும் உங்கள் கட்டடத்தில் பயிலுநர்கள் இருக்கிறார்கள். விலகிய பிள்ளைக்கு, அவள் வேலை செய்த காலத்துக்குரிய சான்றிதழையும் அவள் தொகுத்த முன்னோட்டங்கள் அவளுடையவை என்று உறுதிப்படுத்தும் ஒரு கடிதத்தையும் அனுப்பிவையுங்கள். பயிற்சியை முடிக்காதவருக்குச் சான்றிதழ் இல்லை என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. ஒளிபரப்பான வேலையை முடியாத வேலை என்று சொல்ல முடியாது.

இந்த மடலின் பிரதியொன்றைப் பதிவுத் தபாலில் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். விலாசம் அதில் இருக்கிறது. அடுத்த விண்ணப்ப அழைப்பு வெளிவருவதற்கு முன்னர் உங்கள் பதிலை எழுத்தில் தருவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பயிலுநர்கள் 'அன்ரி' என்று கூப்பிடுகிற வீட்டுக்காரி,
வெள்ளவத்தை, கொழும்பு 6