அரக்குப் புடவையும் கடை வெளிச்சமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகூர்த்த மாதம் வந்தால் பெங்களூரு சிக்பேட்டைப் புடவைக் கடைகளில் ஒரு வாக்குவாதம் தவறாமல் கேட்கும். "இங்கே ஜொலிச்ச அரக்கு வீட்டு டியூப்லைட்ல மங்கிப்போய் தெரியுது, மாத்திக் கொடுங்க" என்பார் வாங்கியவர். "நீங்கதானே பாத்து எடுத்தீங்க" என்பார் கடைக்காரர். பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மைதான். துணி அப்படியே இருக்கிறது, வெளிச்சம்தான் வேறு.

வெள்ளை எல்.இ.டி. விளக்கில் இருப்பது நீல ஒளி தரும் சில்லு. அதன்மேல் பூசிய, மஞ்சள் ஒளி தரும் பாஸ்பர் பூச்சும் சேர்ந்துதான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சாதாரண எல்.இ.டி. பல்பில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. விளக்கில் இல்லாத சிவப்பைத் துணி எங்கிருந்து திருப்பி அனுப்பும்? அரக்கும் குங்குமமும் அதிகம் ஏமாற்றுவது இதனால்தான்.

மேட்சிங் பிளவுஸில் சிக்கல் இன்னும் பெரிது. பட்டில் ஏறும் சாயம் வேறு, பருத்தியில் ஏறும் சாயம் வேறு. கடை விளக்கில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்து, மண்டப வாசலுக்கு வந்ததும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். சாயப்பட்டறைக்காரர்கள் இதை மெட்டாமெரிசம் என்பார்கள். அதனால்தான் அவர்கள் கண்ணை மட்டும் நம்புவதில்லை. உட்புறம் சாம்பல் நிறம் பூசிய லைட் பாக்ஸில், பகல் ஒளிக்கு டி65, கடை ஒளிக்கு டி.எல்.84, மஞ்சள் பல்பு என்று விளக்கை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள்.

விளக்கே மாறாவிட்டாலும் கண் தடுமாறும். பாரிஸின் கோபெலின் சித்திரத் திரைச்சீலை ஆலைக்கு 1824-இல் சாயப்பிரிவுத் தலைவராக வந்த வேதியியலாளர் செவ்ருலிடம், கறுப்பு நூல் கறுப்பாகவே இல்லை என்று புகார் போனது. சோதித்தால் சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வெளிறச் செய்திருந்தன. நம் கடைகளிலும் இதே கதைதான். பத்துச் சிவப்புப் புடவையை விரித்துக் காட்டிய பிறகு பதினோராவது சிவப்பு சோர்ந்து தெரியும், பச்சையை எடுத்தால் கண்ணைப் பறிக்கும். அந்த நேரத்தில் முடிவு செய்யாதீர்கள். ஒரு வெள்ளைத் துணியை அரை நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

நிறம் பார்க்கக் காலை பத்திலிருந்து மூன்று மணிக்குள் போவது நல்லது. மாலை வெயில் எல்லாவற்றிலும் சிவப்பைத் தூக்கிக் காட்டும். துணியை வாசலுக்கு எடுத்து வந்து, நேர் வெயிலில் இல்லாமல் நிழலில் பிடியுங்கள். சந்தில் தலைக்கு மேல் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தால் அங்கே பார்ப்பது வீண். கண்ணுக்கு ஒன்றிரண்டு நிமிடம் அவகாசம் கொடுங்கள். இரண்டங்குலத் துண்டு போதாது, ஒரு சாணாவது வேண்டும். மெல்லிய துணியை நான்காக மடியுங்கள், இல்லையென்றால் அடியில் இருக்கும் கை நிறமும் சேர்ந்து தெரியும். புடவையையும் பிளவுஸ் துணியையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி வைத்து, பிறகு இடம் மாற்றி வையுங்கள். மயில்கழுத்து மாதிரி பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்தவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே ஆகவேண்டும். அவற்றுக்கு ஒரே நிறம் என்று எதுவும் கிடையாது.

அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்பது இன்னொரு வம்பு. கேமரா தானாகவே வெள்ளையைச் சரிசெய்யப் போய்த் துணியின் நிறத்தையும் மாற்றிவிடும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்தால் ஓரளவு தேறும், அவ்வளவுதான்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். மாடியில் ஜன்னலே இல்லாத கடைகள் ஒரு மூலையிலாவது பகல் ஒளி விளக்கு வைக்கலாம். அட்டைப்பெட்டியில் 6500 கெல்வின் என்று இருப்பதை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். அது வெள்ளையின் சாயலைத்தான் சொல்கிறது, நிறங்கள் சரியாகத் தெரியுமா என்பதைச் சொல்வதில்லை. நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண் 95-க்கு மேல் இருக்கிறதா, சிவப்புக்கான ஆர்9 எண்ணும் 90-ஐத் தொடுகிறதா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண எல்.இ.டி. பல்பில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டிக்கூட இருக்கும்.

இப்படிக்கு,
சாயத் தொழில் வாசகர்,
அல்சூர், பெங்களூரு