கணினியைத் திருத்தவும் நிதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலைகளுக்கு ஸ்மார்ட் போர்ட், டெப் கணினி, இணைய இணைப்பு என்று அரசாங்கம் நிதி ஒதுக்கும் செய்திகள் பத்திரிகைகளில் வந்தவண்ணம் இருக்கின்றன. வரவேற்கிறேன். ஆனால் உத்தரவாதக் காலம் முடிந்தபின் இவை பழுதானால் திருத்துவதற்கு எங்கிருந்து பணம் வரும் என்பதை யாரும் சொல்வதில்லை.

கொழும்பு வடக்கில் ஒரு மாகாணப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோர் சார்பில் இருக்கிறேன். எங்கள் கணினி அறையில் பாதி இயந்திரங்கள் வேலை செய்வதில்லை. சிலவற்றில் உள்ளே இருக்கும் சின்னப் பற்றரி தீர்ந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு தடவை போடும்போதும் திகதி பல வருடம் பின்னால் போய்விடுகிறது. திகதி பிழை என்று இணையத்தளங்கள் திறக்காது. காசு அதிகம் போகாத பற்றரிதான், ஆனால் அதை வாங்கிப் போட ஆளில்லை. முழுதாகப் பழுதானவற்றை அப்புறப்படுத்தவும் முடியாது. பொருட்பதிவேட்டில் ஏறியவை என்பதால், கணக்கெடுப்பில் கழிக்கப்படும்வரை மேசையை அடைத்துக்கொண்டே கிடக்கும். ஓடுகிற இயந்திரங்களுக்கு முன்னால் மும்மூன்று பிள்ளைகள். மவுஸ் பிடிக்கும் பிள்ளை படிக்கிறது, மற்ற இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதே கொழும்பில் பெரிய பாடசாலைகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. பழைய மாணவர் சங்கம் இருக்கிறது, வசதியான பெற்றோர் இருக்கிறார்கள், ஒரு வாரத்தில் திருத்தி எடுத்துவிடுவார்கள். எங்கள் பெற்றோரில் பலர் நாட்கூலிக்குப் போகிறவர்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, வாட்ஸ்அப்பில் பாடம் வந்த காலத்தில், எங்கள் தோட்டத்து (நெருக்கமான நகரக் குடியிருப்பு) வீடுகளில் ஒரே போனை அண்ணன், தங்கை என்று மாறி மாறி வைத்துப் படித்தார்கள். அந்தப் பெற்றோரிடம் கணினி திருத்தக் காசு கேட்க எனக்கு மனம் வரவில்லை.

1980 முதல் இந்த நாட்டில் பாடநூல் இலவசம். ஒரு தடவை அச்சடித்துக் கொடுத்துவிட்டு அரசாங்கம் ஒதுங்கிக்கொள்ளவில்லை, வருடா வருடம் அச்சடிக்கிறது. 1993 இல் தொடங்கிய சீருடைத் திட்டமும் அப்படித்தான். கணினியை மட்டும் ஏன் ஒரே தடவை கொடுத்து முடிக்கும் அன்பளிப்பாக நினைக்க வேண்டும்? 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவையே ஆரம்பித்தோம். அந்தப் பிரிவுக்குப் போக நினைக்கும் பிள்ளைக்குக் கீழ் வகுப்புகளிலேயே கணினியில் கை பழக வேண்டாமா?

மின்கட்டணமும் இருக்கிறது. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கூட்டினார்கள். பின்னர் குறைத்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் கணினி அறையில் ஏசி போட அதிபர் இன்றும் யோசிக்கிறார். கடற்காற்றும் புழுக்கமும் சேர்ந்தால் இயந்திரம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

கருவி வாங்க ஒதுக்கும் ஒவ்வொரு தொகையோடும் அடுத்த ஐந்து வருடங்களுக்கான பராமரிப்புச் செலவையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு வலயக் கல்விப் பணிமனையிலும் பாடசாலை பாடசாலையாகச் சென்று திருத்தக்கூடிய தொழினுட்ப உத்தியோகத்தர்களை நியமிக்க வேண்டும். ஸ்மார்ட் போர்டில் போடுவதற்கான பாடங்கள் சிங்களத்தில் வரும் அதே நாளில் தமிழிலும் வர வேண்டும். புதிய கருவிகளை இறக்கும் முன், இருக்கிற கணினி அறைகளை அதிகாரிகள் ஒரு தடவை நேரில் வந்து பார்க்க வேண்டும். எங்கள் பாடசாலையில் இருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
பெற்றோர் ஒருவர்,
மட்டக்குளி, கொழும்பு 15.